கடிகார ஒலியும் வானொலி இரைச்சலும்

1951ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜான் கேஜ் என்பார் 12 வானொலிப் பெட்டிகளையே வாத்தியங்களாகக் கொண்ட இசையமைப்பொன்றை அரங்கேற்றினார். பெட்டிக்கு இருவர், ஒருவர் அலைவரிசையைத் திருப்ப, மற்றவர் ஒலியளவை மாற்றினார். நிலையங்களுக்கிடையே எழும் இரைச்சலும் அதில் இசையே.

1962இல் லிகெட்டி 100 மெட்ரோனோம்களுக்கு இசையமைத்தார். மெட்ரோனோம் என்பது கடிகாரம் போன்றே சாவி கொடுத்து இயக்கப்படும் தாளக்கருவி. வெவ்வேறு வேகத்தில் அவை ஒருங்கே ஓடுங்கால் கேட்பது மழையிரைச்சலே. சுருள்வில் தளர்ந்து ஒவ்வொன்றாக நிற்க, தாளங்கள் பிரிந்து புலனாகும். இறுதியில் ஒன்று மட்டும் தனித்தொலித்து ஓயும். கேட்போரை அச்சுறுத்துவது இவ்விடமே.

இரு பழைய ஊசற் கடிகாரங்களைக் கொண்டு இதனை வகுப்பில் ஓரளவு காட்டலாம். ஒன்றின் ஊசற்குண்டைச் சிறிது தாழ்த்தினால் அது மெதுவாகும். நிமிடத்துக்கு 120, 118 என ஒலிப்பின், அவை விலகிச் சென்று 30 வினாடிக்கொருமுறை மீண்டும் இணையும். மாணவர் கண்களை மூடி எண்ணுதல் நன்று.