கோப்புகளுக்குள் ஒரு நகரம்

கோலாலம்பூரின் வரலாறு பற்றி இடுபணி செய்யும் மாணவர் ஜே. எம். கல்லிக் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. நானும் நூலகத்தில் அப்படித்தான் அவரைச் சந்தித்தேன். அவர் பேராசிரியர் அல்லர். 1945-இல் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தோடு மலாயா வந்து, 1950-களின் பிற்பகுதிவரை பணியாற்றிய அரசு அதிகாரி.

என்னை ஈர்த்தது அவருடைய தொடக்கக் காலப் பணி ஒன்று. மிடில்புரூக் என்ற இன்னோர் அதிகாரி, கோலாலம்பூரின் கப்பித்தான் யாப் ஆ லோயின் வரலாற்றை எழுதிவந்தார். ஜப்பானியர் காலத்தில் தடுப்பு முகாமில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்றதைக் கல்லிக் நிறைவு செய்தார். 1951-இல் அரச ஆசியக் கழக மலாயாக் கிளையின் ஆய்விதழில் அது இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1955-இல் அதே இதழில், 1880 முதல் 1895 வரையிலான கோலாலம்பூர் பற்றி எழுதினார். 2000-இல், தம் 84-ஆம் வயதில், நகரின் முழு வரலாற்றையும் 1939 வரை எழுதி முடித்தார். 2012-இல் காலமானார்.

காலனி அதிகாரிதானே என்று நான் அவரை ஒதுக்கமாட்டேன். 1880-இல் நிர்வாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1881-இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகளை அழித்தன. பிறகு செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கற்சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. 1886-இல் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கு இரயில் ஓடியது. இவற்றைக் கோர்த்துப் படிக்க அவர் பெரிதும் உதவுகிறார்.

ஆனால் கோப்பில் இருப்பவர்தான் வரலாற்றில் வருவார். அரசாங்கக் கருவூலத்தில் எழுத்தராக இருந்த தம்புசாமிப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. தண்டவாளம் போட்டவர்கள் கோப்புகளில் பெரும்பாலும் ஆள்கணக்காகவே நிற்கிறார்கள்.

என் தாத்தாவும் இரயில்வேக்காரர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். அவருடைய சம்பளச் சீட்டு, மாற்றல் கடிதம் எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. வீடு மாறியபோது பெட்டியோடு பழைய பேப்பர் லோரியில் போட்டுவிட்டோம். தூக்கிக் கொடுத்தது நான்தான். இதற்காகக் கல்லிக்கை எப்படிக் குறை சொல்வது?

இப்போது கிள்ளானில் இருக்கும் பாட்டிக்கு, அந்த வரிசையில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. சனிக்கிழமைதோறும் போய்க் கேட்டு எழுதுகிறேன். இதுவரை பதினொரு வீடுகள் ஆகியிருக்கின்றன.