காலடியில் ஒரு பகை

தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, கடலையொட்டி அமைந்த தொன்மையான ஊர் காயல்பட்டினம். இவ்வூர் வணிகர் பல தலைமுறைகளாக இலங்கைக்கும் அதற்கப்பாலும் சென்று பொருளீட்டினர். கரையில் வெண்மணல் பரந்து கிடக்கிறது. சற்று உள்ளே சென்றால் ஆற்றுப் பாசனத்தில் செழித்த வாழைத் தோட்டங்களையும், ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களையும் காணலாம். அத்தகைய நிழலில், ஈரமண்மீது வெறுங்காலுடன் நடப்பது எவர்க்கும் இன்பந் தருவதே. ஆனால், மனிதர் மலம் கலந்த மண்ணாயின், அங்கே நம் குருதியை நாடி ஒரு பகை காத்திருத்தல் கூடும்.

மாமரக் கிளையில் புல்லுருவி படர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மரத்தின் சாற்றை உறிஞ்சித் தான் தழைக்கிறது. மரமோ நாளடைவில் நலிகிறது. இவ்வாறு பிறிதோர் உயிரைச் சார்ந்து, அதன் உணவைக் கவர்ந்து வாழும் உயிரை ஒட்டுண்ணி என்பர். மனிதனின் குடலிலும் இத்தகைய ஒட்டுண்ணிகள் உண்டு. அவற்றுள் ஒன்று கொக்கிப்புழு.

கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது, நூலிழை போன்றது. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வகையில், ஒரு புழுவால் நாளொன்றுக்கு இழக்கப்படும் குருதி சுமார் 0.03 மில்லிலிட்டரேயாகும். இது மிகச் சிறிதன்றோ என்று கேட்பீர்கள். நூறு புழுக்கள் இருப்பின் ஒரு நாளில் 3 மில்லிலிட்டர். ஒரு திங்களில் 90 மில்லிலிட்டர்! போதிய உணவில்லாத சிறுவன் இவ்விழப்பை எவ்வாறு ஈடு செய்வான்? அவன் முகம் வெளிறும். நடந்தால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் செல்லாது. அவனை நாம் சோம்பேறி என்று இகழ்கிறோம். குற்றம் அவனுடையதன்று.

இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் அவை பொரிக்கின்றன. சுமார் ஒரு வாரத்தில் இளம்புழுக்கள் மனித உடலில் நுழையும் ஆற்றல் பெறுகின்றன. கடும் வெயிலிலும் வறண்ட மண்ணிலும் அவை பிழைப்பதில்லை. தோட்ட நிழலே அவற்றுக்கு ஏற்ற இடம். வெறுங்கால் பட்டவுடன் தோலைத் துளைத்துக் குருதியிற் கலந்து, இதயத்தின் வழியே நுரையீரலை அடைகின்றன. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலிற் சேர்கின்றன.

இவ்வழி தற்செயலாகவே அறியப்பட்டது. 1898ஆம் ஆண்டு கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ச்சி செய்தபோது, இளம்புழுக்கள் கலந்த நீர் அவர் கையிற் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழிந்தபின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன! வாயால் உண்ணாமலே புழு உடலிற் புகும் என்பது அதனால் விளங்கிற்று.

தமிழர் வாழ்விலும் இப்புழு பெருந்துயர் விளைத்தது. தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளர், செருப்பும் கழிப்பிடமும் இன்றி வாழ்ந்தமையால் இந்நோய்க்கு ஆளாயினர். 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. மருந்து புழுக்களை வெளியேற்றியது. எனினும் கழிப்பிடம் இல்லாத இடங்களில் மருந்துண்டவரே மீண்டும் நோயுற்றனர். மண்ணைத் தூய்மையாக்காமல் குடலை மட்டும் தூய்மையாக்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதே.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை யாவை? கழிப்பிடத்தையே எப்போதும் பயன்படுத்துதல் வேண்டும்; இதுவே தலையாயது. தோட்டத்திலும் வயலோரத்திலும் செருப்பணிந்து நடத்தல் வேண்டும். உருண்டைப்புழுவின் முட்டைகளோ மண்ணிலிருந்து கையின் வழியாக வாயை அடைகின்றன. ஒரு பெண் புழு நாள்தோறும் இரண்டு இலட்சம் முட்டைகள் வரை இடவல்லது. ஆகவே நகங்களை வெட்டி, உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பினால் கை கழுவுதல் வேண்டும். தொழுகைக்கு முன் கைகால்களைத் தூய்மை செய்துகொள்ளும் வழக்கம் காயல்பட்டினத்தில் நாள்தோறும் ஐவேளையும் காணப்படுவது. உண்ணும் வேளையிலும் அவ்வொழுங்கைப் பேணுவது எவர்க்கும் அரிதன்று. காய்கறிகளை நன்கு கழுவியே உண்ணல் வேண்டும். 2015 முதல் நம் நாட்டில் நடைபெறும் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுதலும் நன்று.

இவையெல்லாம் கைகூடுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று உண்டு. நரம்புச்சிலந்தி என்னும் நீண்ட புழு, குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் வாழும் நுண்ணிய உயிரிகள் வழியாக மனிதருட் புகுந்து, ஓராண்டு கழித்துக் கால் தோலைப் பிளந்து வெளிவரும். அதனை ஒழிக்க மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டியும், நோயுற்றோரை நீர்நிலையில் இறங்கவிடாமல் காத்தும், பாதுகாப்பான குடிநீரை வழங்கியும் மக்கள் அதனை வென்றனர். 1996ஆம் ஆண்டுக்குப் பின் இந்தியாவில் எவரும் அந்நோயுறவில்லை. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது.

மாணவர்களே! புழுவின் வாழ்க்கை ஒரு சங்கிலி. அதன் ஒரு கண்ணியை அறுத்தாலும் சங்கிலி அறுபடும். மண்ணை ஒருவர் மாசுபடுத்தினால் அதன் துன்பம் அடுத்த வீட்டுக் குழந்தையின் காலடியில் வந்து சேரும். ஆகவே தூய்மை, தன்னைக் காப்பது மட்டுமன்று. பிறர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடனுமாகும். வெளிறிய முகத்தோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் தோழனைக் கண்டால் எள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வியின் பயன் அதுவே.