முற்றத்து முல்லைக்குக் கவாத்து

முல்லைக் கொடி ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்து, நான்கு மூங்கில் நட்டுப் பந்தலும் போட்டுவிட்டால், அதற்குப் பின்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை என்று நம்மவர்களில் பலர் எண்ணிவிடுகின்றனர். கொடியும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குவதில்லை. அதற்கு மேல்தான் நிலைமை மாறுகிறது. பந்தலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், காய்ந்த சுள்ளியும் சருகும் பின்னிப் பிணைந்து கூரை வேய்ந்தாற்போல் தெரியும். பூவோ அந்தக் கூரைக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில், அணிலுக்கும் காற்றுக்குமாகப் பூத்துக்கொண்டிருக்கும். கொடிக்கு வயதாகிவிட்டது என்று வீட்டார் சொல்லிவிடுவர். பெரும்பாலான வீடுகளில் வயது காரணமன்று. கவாத்து செய்யாததே காரணம்.

முல்லை, மல்லிகை, பிச்சி ஆகிய மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. முற்றிப்போன தண்டில் அரும்பு தோன்றுவதில்லை. அந்தந்தப் பருவத்தில் புதிதாகத் துளிர்த்த இளங்கிளைகளின் நுனியிலும் இலைக்கக்கங்களிலுமே அரும்பு கட்டும். புதுத் துளிர் எவ்வளவோ, பூவும் அவ்வளவே. வெட்டாத கொடியில் வேர் திரட்டித் தரும் சத்தெல்லாம் பழைய தண்டையும் இலையையும் காப்பதற்கே செலவாகிறது. துளிர்க்கும் சிலவும் வெளிச்சத்தைத் தேடி மேலேயே ஓடுகின்றன. கவாத்து என்பது கொடியைத் தண்டிப்பதன்று. கைக்கெட்டும் உயரத்தில் துளிர்க்கச் செய்வது.

இவ்வளவையும் நான் பணியேற்ற புதிதில், ஓர் ஊர்க்கூட்டத்தில் விளக்கமாகப் பேசினேன். அது சித்திரை மாதம். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவரை இழந்தவர். முற்றத்துப் பந்தலில் பறித்த பூவைத் தொடுத்துப் பேருந்து நிலையத்தில் விற்று, அந்த வரும்படியில் மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். மறுநாளே அவர் அரிவாளை எடுத்துக் கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். அரும்பு கட்டத் தொடங்கியிருந்த கொடி அது. இரண்டு மாதம் கழித்து நான் அவ்வூருக்குச் சென்றபோது பந்தல் வெறுமையாக நின்றது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “வெட்டச் சொன்னீர்கள் ஐயா, எந்த மாதம் வெட்டுவதென்று சொல்லவில்லையே” என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடையில்லை. அந்தக் கொடி பிறகு தழைத்துப் பூக்கவும் செய்தது. ஆனால் ஆடியில் பூத்தது. வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் போய்விட்டன. ஆடியில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பூவைக் கேட்பார் குறைவு. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் ஓர் ஆலோசனையைத் தெருவுக்குக் கொண்டு செல்லும்போது, செய்முறையை மறந்தாலும் மாதத்தை மறக்கலாகாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

மாதத்தைச் சொல்லிவிடுகிறேன். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். அதாவது பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். குண்டு மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம், கார்த்திகை பிறந்து பத்து நாள் அளவில். பிச்சி எனப்படும் சாதிமல்லிக்கு மார்கழியின் பிற்பகுதியிலிருந்து தைக்குள். தோட்ட நிலத்தில் வரிசையாக நட்ட செடிகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள உயரம், மல்லிகைக்குத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், முல்லைக்கு 45 சென்டிமீட்டர். வெட்டியதிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்று கணக்கிட்டால், தையில் வெட்டிய முல்லை சித்திரை வைகாசியில் கைகொடுக்கும்.

ஆனால் முற்றத்துப் பந்தல் முல்லையைத் தோட்டத்துப் புதர் முல்லையைப் போல் ஒரே மட்டமாக வெட்ட வேண்டுவதில்லை. பந்தல் வீட்டுக்கு நிழலும் தருகிறது. அடிமரமும் பல ஆண்டுகளாகப் பருத்தது. முதலில் வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னரே நீரை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக் கொடிகளுக்குப் பெரும்பாலும் குளியலறை நீர்தான் பாய்கிறது. அதனை அந்தப் பத்து நாளும் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். நீர் குறைந்தால் கொடி வளர்ச்சியை அடக்கி ஓய்வு கொள்ளும். வெட்டும் நாளில் காய்ந்தவை, நோயுற்றவை, நூல்போல் மெலிந்தவை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். பிணைந்து கிடக்கும் கொடியை ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நல்ல தண்டும் பட்டை உரிந்துபோகும். ஆகையால் துண்டு துண்டாக வெட்டியே எடுக்க வேண்டும். அதற்குப் பின் திடமான மூன்று அல்லது நான்கு தண்டுகளை முதன்மைக் கொடிகளாகத் தேர்ந்து பந்தற்காலோடு தளர்வாகக் கட்டி, அவற்றிலிருந்து பிரியும் பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிவிடலாம். வெட்டு கணுவுக்கு மேல் அரை விரல் தள்ளிச் சாய்வாக இருக்கட்டும். அரிவாள் தண்டை நசுக்கும்; கவாத்துக் கத்தரியே ஏற்றது.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் கைபடாத கொடியாயின், எல்லாவற்றையும் ஒரே தையில் தீர்த்துவிட எண்ண வேண்டாம். முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை இவ்வாண்டு அடியோடு நீக்கி, அந்த இடத்தில் எழும் புதுத் தண்டைப் பந்தலில் ஏற்றுங்கள். அடுத்த தையில் இன்னொரு பங்கு. அதற்கடுத்த தையில் மீதி. இவ்வாறு செய்தால் எந்த ஆண்டும் பூ அடியோடு நிற்பதில்லை. பூவை நம்பி அடுப்பெரியும் வீட்டில் இந்த முறையையே நான் சொல்வது.

இடையில் ஒன்று. அடர்ந்த பந்தலில் தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதுண்டு. முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு மூலையால் பூ குறைந்துவிடாது.

வெட்டுவாய்க்கு மருந்து பூசுவதைப் பலர் வீண்வேலை என்று கருதுகின்றனர். பருத்த தண்டை வெட்டிய இடத்தில் பூசணம் புகுந்தால் தண்டு மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வரும். போர்டோப் பசை இதற்குப் போதும்; வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரில் ஒரு மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் உதவாது. 100 கிராம் புதிய சுட்ட சுண்ணாம்பை மற்றோர் அரை லிட்டர் நீரில் நீற்றி ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றி மரக்குச்சியால் கலக்குங்கள். தீட்டிய கத்தி ஒன்றை அதில் சற்று நேரம் தோய்த்து எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்; படியாத வரை சேர்க்க வேண்டும். செய்த அன்றே பூசிவிட வேண்டும். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாதிருக்கட்டும், கலக்கிய பாத்திரம் மீண்டும் அடுக்களைக்குப் போகலாகாது.

ஒரு வீட்டுக்கு ஒரு கை அளவு பசையே தேவைப்படும். எனவே இதை வீடுதோறும் செய்வது வீண். தெருவுக்கு ஒருவர் கலக்க, மற்றவர் பகிர்ந்துகொள்ளலாம். கத்தரிக்கும் ஏணிக்கும் இதுவே பொருந்தும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கத்தரி செல்லுமுன் அதன் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் நோயும் உடன் செல்லும்.

இலையிலும் அரும்பிலும் வெண்ணிறக் கம்பளி போர்த்தினாற்போல் கண்டால் அது கண்ணுக்குப் புலனாகாத சிலந்திப்பேனின் வேலை. அத்தகைய கிளைகளை வெட்டி எரித்துவிடுக. எருக்குழியில் போட வேண்டாம். இந்தத் தொல்லையை நன்கு தாங்கும் வகைக்குப் பாரிமுல்லை என்று பெயர். முல்லை படரத் தேரையே விட்டு இறங்கிய பறம்பு மன்னனின் பெயர் அதற்குப் பொருந்தும். இளம் இலை நரம்பு பச்சையாகவும் மற்றப் பகுதி மஞ்சளாகவும் இருப்பின் அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளிக்க வேண்டும். அதற்குக் கத்தரி மருந்தன்று.

வெட்டி முடித்ததும் தூரைச் சுற்றி இலேசாகக் கொத்திப் பத்துக் கிலோ மக்கிய தொழு உரமிட்டு நீரைத் திருப்பிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் குச்சியைப் பார்த்துக் கவலைப்படுவது இயல்பே. நீரை மட்டும் அளவோடு வைத்தால் போதும், தேங்கலாகாது. துளிர் நீளும்போது பந்தலுக்குள்ளேயே மடக்கிக் கட்டிவாருங்கள்.

அந்த அம்மையாரின் வீட்டுக்கு அடுத்த தையில் நானே ஏணியோடு சென்றேன். கத்தரியை என்னிடம் கொடுக்க அவர் விரும்பவில்லை, நியாயந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தத் தண்டு, எந்தக் கணு என்று நான் கைகாட்ட, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை நிறுத்தி, ‘இது சரியா’ என்று கேட்டு வெட்டினார். சித்திரை இறுதியில் அரும்பு வந்தது. நின்றபடியே பறிக்கும் உயரத்தில் இருந்ததால், விடியுமுன் மகளும் கூட வந்து பறித்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.