ஓடைக்குக் கீழே இருந்தவர்கள்

அன்புள்ள மருமகள் கயல்விழிக்கு,

மான்செஸ்டர் ஆலைப்புகையைப் பற்றிப் பாடத்தில் படித்துவிட்டு, "நம்ம கண்டியில் ஆலையே இல்லையே மாமா, நாம் தப்பித்தோமா?" என்று கேட்டிருந்தாய். தப்பவில்லை அம்மா.

இங்கிலாந்தில் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் சாவின் சராசரி வயது 17. ரட்லண்ட் நாட்டுப்புறத்தில் 38. சின்னஞ்சிறு குழந்தைகள் அவ்வளவு பேர் செத்தார்கள். சாட்விக் அக்கறையுள்ள மனிதர்தான். ஆனால் நாற்றமே நோய் என்று நம்பி, லண்டன் கழிவையெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கழுவிவிடச் செய்தார். பலர் குடித்ததும் அதே ஆற்றுத் தண்ணீர்! வாந்திபேதி தண்ணீரில் வருகிறது என்று 1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்பைக் காட்டிச் சொன்னபோதும் அதிகாரிகள் லேசில் ஒப்பவில்லை.

கண்டிச் சீமையில் அது கோப்பிக் காலம். பழத்தோல் உரிக்கும் இயந்திரத்துக்கும் கொட்டை கழுவவும் தண்ணீர் வேண்டும்; ஆகவே எல்லாம் ஓடையோரம்தான். உரித்த கொட்டையைத் தொட்டியில் புளிக்கவிட்டு, வழுவழுப்புப் போக அலசுவார்கள். சிவப்புத் தோலும் புளித்த நீரும் ஓடையில் போய் அழுகும். தண்ணீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன் சாகும். கீழே அந்த ஓடையை நம்பியிருந்தவர்களை யார் கேட்டார்கள்?

அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். கிடைத்த குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதியில் பாதையோரமே செத்தவர்கள் ஏராளம். விதி என்பார்கள் சிலர். கோப்பியை இறக்கக் கண்டிக்கு 1867இலேயே ரயில் வந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கான சட்டம் 1872இல்தான் வந்தது. இதை விதியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்றும் கண்டி வாவியின் உபரிநீரைக் கொண்டுபோகும் மெத எல என்ற கால்வாய், நகரத்தின் அழுக்கையும் வாங்கிக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. 2009இல் வாவியே பாசி பிடித்துப் பச்சையானது. மலைகள் கிண்ணமாய்ச் சூழ்ந்த ஊர், பஸ் புகையும் சீக்கிரம் வெளியேறாது. கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

லீவு நாளில் அப்பாவோடு கெட்டம்பேக்குப் போ. அதற்குக் கீழே மகாவலியில் யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா