இலையைச் சோதிப்பது நாக்கா, ரத்தமா?

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், இனிக்காது. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்புச் சுவையைச் சற்று நேரம் மறைத்துவிடும். ‘சுகரையே கொன்னுடுச்சு’ன்னு பலர் நம்புவது இதனால்தான். ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது.

சித்த மருத்துவரைக் கேட்டுத் தொடங்குமுன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி; ஒருநாள் குளுக்கோமீட்டர் அளவை நேற்றைய சாப்பாடே மாற்றிவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க (அக்கம்பக்கத்தில் முதலில் அதைத்தான் சொல்வார்கள்). மாத்திரையோடு மூலிகையும் சேர்ந்து, அளவு 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம் வரும். உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும்போது அந்தப் பொடி டப்பாவையும் காட்டுங்கள்.