உயிரா இருக்காளாம்!

"அந்தப் பொண்ணுக்கு இவ மேல உயிரு மேடம். அதான் வேற யார்கூடவும் பேச விடமாட்டேங்குறா." குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் இதைப் பெருமை போலச் சொல்லும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. பிள்ளை திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்கிறாள். டிபன் பாக்ஸ் பாதிகூடக் காலியாகாமல் வீடு திரும்புகிறது. இதற்குப் பெயர் பாசமாம்!

சாப்பாட்டு இடைவேளையில் நடப்பதை ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி எனக்கு விவரித்தாள். எதிரே இருக்கும் பையன் முறுக்கை நீட்டுவான். வாங்கலாமா என்று இவள் முதலில் தோழியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் முகம் சுளித்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மீறி வாங்கிவிட்டால், "உன்கூட கா! யாரும் இவகூடச் சேராதீங்க" என்று வகுப்புக்கே அறிவிப்பு வரும். மறுநாள் ஒரு வாசனை ரப்பரைக் கொடுத்துப் 'பழம்' விட்டுக்கொள்வாள். ஏழு வயதுப் பிள்ளை நாள் முழுக்க இன்னொருத்தியின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது படிப்பாள்?

அடிக்காமல், கிள்ளாமல், நட்பையே ஆயுதமாக்கி நோகடிப்பதை எங்கள் துறையில் உறவுவழி வன்முறை என்போம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் குரோட்பீட்டரும் நிக்கி கிரிக்கும் இத்தகைய பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்து 1996இல் எழுதினார்கள். அந்த நட்புகளில் நெருக்கம் அதிகம். 'எனக்கு மட்டும்' என்கிற பிடிவாதமும் அதிகம். அந்த நண்பரையே காயப்படுத்துவதும் அதிகம். கட்டிப்பிடித்துக்கொண்டுதானே நிற்கிறார்கள் என்று வாசலில் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக அந்தத் தோழியை வில்லி ஆக்கிவிடாதீர்கள். பதின்வயதைத் தொடும் பிள்ளைகளிடம் ஜெஃப்ரி பார்க்கர் குழுவினர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகளிடமே நட்புப் பொறாமை கூடுதலாக இருந்தது. சின்னப் பிள்ளைகளிடமும் நான் பார்ப்பது விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்கிற பயத்தைத்தான். "அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று கேட்டுச் சிரிப்பதும், "பாட்டிகிட்டப் போனா அம்மா பேசமாட்டேன்" என்று மிரட்டுவதும் நாம்தானே? அன்பு என்றால் ஒருவரை விலக்குவது என்று வீட்டிலேயே பழக்கிவிட்டுப் பள்ளியைக் குறை சொல்கிறோம்.

"அவகூடச் சேராதே" என்று தடை போடாதீர்கள். நீங்களும் அதே மிரட்டலைத்தான் செய்கிறீர்கள். "உன்கூடயும் விளையாடுவேன், அவகூடயும் விளையாடுவேன்" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் நடித்துப் பழக்குங்கள். அப்பா தோழியாக நடிக்கட்டும், கோபித்துக்கொள்ளட்டும். பிள்ளை வாதாடாமல் சொல்லிவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான். விடுமுறையில் வகுப்பிலுள்ள வேறொரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். துணைக்கு இன்னொருவர் இருந்தால் 'கா'வுக்குப் பயம் குறையும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். ஒற்றைப் பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்குமா? இல்லை. டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1986லேயே அந்தப் பழியைத் துடைத்துவிட்டார்கள். பையன்களிடம் இது கிடையாதா? கிரிக்கெட் டீமில் சேர்க்கமாட்டேன் என்பது வேறென்ன? செக்‌ஷன் மாற்றினால் தீர்ந்ததா? மறுத்துச் சொல்லப் பழகாத பிள்ளைக்குப் புது செக்‌ஷனிலும் ஒரு 'உயிர்த்தோழி' கிடைப்பாள்.

என் பெரிய கோபம் பள்ளிகள்மீதுதான். ஜூனில் உட்கார்ந்த பெஞ்சிலேயே ஏப்ரல்வரை உட்காரவைக்கிறார்கள். போதாததற்கு பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் ஒருநாளும் திரும்புவதில்லை. ஒரு பிள்ளை நாற்பது பேரோடும் கலந்து ஓடுகிற ஒரே நேரம் அதுதான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. பூட்டி வைப்பதற்கா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது என்று கேளுங்கள்.