விளாவும் வெந்நீருக்கும் ஒரு கணக்கு உண்டு!

மார்கழி பிறந்தால் போதும், என் கிளினிக்கில் இரைப்பு நோயாளிகளின் கூட்டம் கூடிவிடும். ‘சுவாச காசம்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி ஊட்டிக்குப் போன ஒரு அம்மா, ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். “மருந்து சாப்பிட்டா நல்லா இருக்கான் டாக்டர். ராத்திரி படுத்தா மட்டும் இழுப்பு வந்துடுது” என்றார்.

படுத்தால் இழுப்பு என்றதுமே படுக்கையைப் பற்றிக் கேட்டேன். பையன் படுப்பது ஜமக்காளத்தில். அறை முழுக்க கார்ப்பெட். “எல்லாத்தையும் வெந்நீர்ல அலசுங்கம்மா” என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே இழுப்போடு வந்தான்!

தப்பு என்னுடையது. எவ்வளவு சூடு என்று நான் சொல்லவே இல்லை.

படுக்கையில் யார்?

டஸ்ட் மைட் என்கிற தூசிப் பூச்சிதான். கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழும். இதன் எச்சம் மூச்சோடு உள்ளே போனால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இழுப்பு வரும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் பூச்சி சாகாது. அது சாக 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும்.

கணக்கு எங்கே தப்பியது?

அந்த அம்மா ஒரு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் விளாவியிருக்கிறார். சென்னையில் இது சரி. அங்கே 100 டிகிரி கொதிநீரும் 28 டிகிரி குழாய்த் தண்ணீரும் சேர்ந்தால் 64 டிகிரி.

ஊட்டியில்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பனிக்காலக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி விளாவினால் 52 டிகிரிதான். கை பொறுக்காது, ஆனால் பூச்சி பொறுத்துக்கொள்ளும்!

என்ன செய்யலாம்?

* குளிர் ஊர்களில் இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் விளாவுங்கள். சுமார் 65 டிகிரி வரும். துணியை முக்கி, மூடி, 20 நிமிடம் ஊறவிடுங்கள். கையை விடாதீர்கள், புண்ணாகிவிடும், கம்பால் அமுக்குங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

* சூடு பார்க்க சமையல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை விட்டால் உடைந்துவிடும்.

* ஹீட்டர் ராடு போடுகிறீர்களா? 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 1,500 வாட் ராடுக்குச் சென்னையில் 22 நிமிடம் போதும். ஊட்டியில் அரை மணிக்கு மேல் ஆகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள்.

* உடனடி கீசர் என்றால் குழாயைக் குறைவாகத் திறங்கள். மெதுவாக வரும் தண்ணீர்தான் அதிகம் சூடேறும்.

* பருத்தி ஜமக்காளம் இந்தச் சூட்டைத் தாங்கும். சாயம் போகுமா என்று ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கம்பளி சுருங்கிவிடும், டிரை கிளீனிங் கொடுங்கள்.

கார்ப்பெட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

தண்ணீரைப் பீச்சி உறிஞ்சும் மெஷினில், பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அழுக்கு சரியாக இளகாது. வெந்நீர் ஊற்றுங்கள்; ஆனால் மெஷினோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி நெளிந்துவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். தொட்டியில் 60 டிகிரி இருந்தாலும், குழாய் வழியாகப் போய் ஜில்லென்ற தரையில் விழும்போது சூடு இறங்கிவிடும். மெஷின் அழுக்கையும் எச்சத்தையும் எடுக்கும். பூச்சியை ஒழிக்கும் என்று நம்பாதீர்கள். ஈரம் தங்கினால் பூச்சிக்குக் கொண்டாட்டம், பூஞ்சணமும் பிடிக்கும். அதனால் வெயில் நாளாகப் பார்த்து காலையிலேயே ஆரம்பித்து, ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு, அன்றைக்கே காயவைத்துவிடுங்கள். அன்று குழந்தை வேறு அறையில் படுக்கட்டும்.

இரைப்பு உள்ள குழந்தையின் அறையில் கார்ப்பெட்டே வேண்டாம் என்பதுதான் என் கட்சி!

வெந்நீர் மட்டுமே நோயைத் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். இழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. டாக்டர் கொடுத்த பஃப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை பேசமுடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தப் பையன் அறையிலிருந்து கார்ப்பெட் போய்விட்டது. ஜமக்காளம் வாராவாரம் 65 டிகிரியில் குளிக்கிறது. பையன் இப்போது பெரும்பாலான இரவுகளில் நிம்மதியாகத் தூங்குகிறான். நானும் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்... இப்போதெல்லாம் மருந்துச் சீட்டில் வெந்நீருக்கும் அளவு எழுதிக் கொடுக்கிறேன்!